தாய்மாமனுக்கு லீவு

எலிகளுக்குப் பரோட்டா பிடிக்குமா என்று ஆராய அரசாங்கம் எங்கள் கல்லூரிக்கு நிதி ஒதுக்கியது. பிடிக்கும் என்பது முதல் நாள் மதியமே தெரிந்துவிட்டது. நிதி மிச்சமிருந்ததால் ஆராய்ச்சியைத் தொடர்ந்தோம்.

கல்லூரி விருதுநகர் பைபாஸில் இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரி. வாசலில் சிமெண்டில் ஒரு பிரம்மாண்டமான கடைவாய்ப்பல் உண்டு. அதன் வேரில் யாராவது ஆடு கட்டியிருப்பார்கள். நான் தவசிலிங்கம். படிப்பை முடித்து, பயிற்சி மருத்துவன் என்ற பெயரில் மருத்துவமும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஈறில் குடியிருக்கும் ஒரு கிருமி ரத்தத்தில் ஏறி மூளைவரை போகிறது என்று முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். மூளைக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. கண்டவனையும் உள்ளே விடமாட்டார். ஆனால் வருடக்கணக்கில் மைதா, சர்க்கரை, காய்ச்சிய எண்ணெயையே திரும்பக் காய்ச்சியது என்று தள்ளிக்கொண்டிருந்தால் அவரும் மனிதர்தானே, அசந்துவிடுவார். கிருமி உள்ளே நுழையும். முதலில் பெயர்கள் போகும். அப்புறம் வழி. அப்புறம் வார்த்தை. எழுபது வயதில் வந்துகொண்டிருந்த மறதி இருபத்தைந்து வயதில் வர ஆரம்பித்தது.

உடனே ஒரு காகிதத் துண்டு கண்டுபிடித்தார்கள். ஈறில் தொட்டால் நிறம் மாறும். பச்சை என்றால் நல்ல மூளை, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நீங்கள் இனிமேல் வண்டி ஓட்ட முடியாது, பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது, பொறுப்பான எந்த வேலையும் பார்க்க முடியாது. இதை நடைமுறைப்படுத்த ஈறு வாரியம் என்று ஒன்று வந்தது. பெண் பார்க்கப் போனவர்கள் பாடச் சொல்வதை விட்டுவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில் எம்.இ.க்குப் பக்கத்தில் ‘பச்சை’ என்று அச்சடித்தார்கள்.

பச்சையாகவே இருப்பதற்காகக் காலையும் மாலையும் எல்லோரும் ஒரு மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளித்தார்கள். கிருமி என்று பெயர் வைத்த எதையும் வாயில் விட்டுவைக்காத தண்ணீர் அது. நாடே புதினா வாசம் அடித்தது.

கொப்பளிக்காத ஒரே ஆள் பேச்சிமுத்து. “அதைக் கொப்பளிச்சா சால்னா ருசி தெரியமாட்டேங்குது மாப்ள” என்பான்.

பேச்சி என்னோடு படித்தவன், என் அறைக்காரன். எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் அவன் மைக்கைப் பிடித்தால் எதிரணி தண்ணீர் குடிக்கப் போய்விடும். பேச்சுக்கு முன்னால் நாலு பொரிச்ச பரோட்டா, பேச்சுக்குப் பின்னால் நாலு. போன ஆனி மாதம், ‘மனிதனைக் கெடுப்பது நாக்கா, மூக்கா’ என்ற தலைப்பில் நாக்குக்காகப் பேச எழுந்தான். மைக்கைச் சரிசெய்தான். கூட்டத்தைப் பார்த்தான். நடுவரைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

பட்டிமன்றத்தில் பேசும் எவனும் தூக்கத்தில்கூடச் சொல்கிற முதல் வார்த்தை ‘நடுவர் அவர்களே’. அது அவனுக்கு வரவில்லை.

கூட்டம் அதை ஒரு உத்தி என்று நினைத்து விசில் அடித்தது. அவன் சிரித்துக்கொண்டே, “பாத்தீங்களா, நாக்கு நம்மளை எப்படிக் கெடுக்குதுன்னு” என்று சமாளித்து, பரிசும் வாங்கிக்கொண்டு இறங்கினான். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, “மாப்ள, அந்த நாற்காலியில உக்காந்திருந்தாரே, அவரை என்னன்னு கூப்பிடுவோம்?” என்று கேட்டான்.

ஆடி மாதச் சோதனையில் அவன் காகிதம் சிவந்தது. தை பிறந்ததும் மதுரையில் விசாரணை என்று வாரியம் சொல்லிவிட்டது. அன்றைக்கும் பச்சை இல்லையென்றால் பேச்சிமுத்து எந்த ஜென்மத்திலும் பல் மருத்துவன் ஆகமுடியாது. ஒரு பல் மருத்துவனுக்கு ஈறு நோயால் வேலை போவது என்பது தீயணைப்பு நிலையம் எரிந்துபோவது மாதிரி. முதல் இரண்டு நாள் நாங்கள் சிரித்தோம். மூன்றாவது நாள் அவன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். எங்கள் அறை எது என்று தெரியாமல்.

அதற்குப் பிறகுதான் எலிக்கூண்டை நான் ஒழுங்காகக் கழுவ ஆரம்பித்தேன்.

ஆராய்ச்சியின் தலைவர் டாக்டர் தேனம்மை. காரைக்குடிக்காரர். முதுகுக்குப் பின்னால் நாங்கள் ஆச்சி என்போம். முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டோம். அவருக்குக் கீழே ஹாஜிரா, காயல்பட்டினத்துப் பெண், முனைவர் பட்டத்துக்கு வந்தவள். விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சிக்னலில் ஆள் இல்லாவிட்டாலும் நிற்கிற ரகம்.

எலிகளில் பாதிக்கு நல்ல தீவனம், பாதிக்கு எங்கள் மெஸ் பரோட்டா. பரோட்டாப் படைக்கு வீச்சு, கொத்து, சில்லி, முட்டை என்று பெயர் வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் ஈறு வீங்கியது. எல்லாவற்றுக்கும் வழி மறந்தது. அதைச் சோதிக்க ஒரு தொட்டி உண்டு. பால் பவுடர் கலந்த தண்ணீருக்கடியில் ஒரு சின்ன மேடை ஒளிந்திருக்கும். எலி அது எங்கே என்று ஞாபகம் வைத்துக்கொண்டு நீந்திப்போய் ஏறவேண்டும். அந்தத் தண்ணீரில் எங்கள் மெஸ் டீயைவிடப் பால் அதிகம். பரோட்டா எலிகள் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி நீந்தும். அதிலும் கொத்து இருக்கிறதே, பேருந்து நிலையத்தில் தொலைந்த ஆள் மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பும்.

ஆச்சி ஒரு மருந்துப் பசை கண்டுபிடித்திருந்தார். அதை எலியின் ஈறில் தடவ ஒரு இயந்திரம். எலியை மடியில் இறுக்கிப் பிடித்து, வாயைத் திறந்து, தடவி, விட்டுவிடும். எலி அலறும். காதுகுத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிற தாய்மாமன் ஞாபகம் வந்ததால் அதற்குத் தாய்மாமன் என்றே பெயர் வைத்தோம். தினமும் காலையில் தாய்மாமன் வேலை பார்த்தான். எலிகளின் ஈறு ஆறியது. காகிதம் வைத்தால் பச்சைப் பசேல்.

ஆனால் கொத்து அப்போதும் சுற்றிச் சுற்றித்தான் நீந்தியது.

“ஈறு பச்சை, மூளை அப்படியே இருக்கு மேடம்” என்றாள் ஹாஜிரா.

“டோஸ் பத்தலை. தினம் ரெண்டு வேளை போடுங்க” என்றார் ஆச்சி.

இரண்டு வேளை போட்டோம். கொத்து இரண்டு மடங்கு சுற்றியது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. ஆச்சி அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காரைக்குடி கிளம்பினார். “டோஸ் ஒரு நாள் விடக்கூடாது. வந்ததும் கடைசிச் சோதனை. அப்பவும் நீந்தலைன்னா திட்டத்தை மூடிடச் சொல்லிட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். செட்டிநாட்டுக் கல்யாணம். போனை அணைத்துவிட்டார். இல்லையென்றால் சொந்தக்காரர்கள் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஆய்வுக்கூடத்தைக் கழுவி, தாய்மாமனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்து, சூடம் காட்டினோம். ஹாஜிரா ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

“இதை எப்போ திரும்ப ஓட்டலாம்?”

“விஜயதசமி அன்னிக்குப் பெரியவங்க கையால எடுத்துக் குடுக்கணும். அதுவரைக்கும் தொடக் கூடாது” என்றான் பேச்சி, வாய் நிறையப் பொரியோடு.

“பெரியவங்கன்னா?”

“வேற யாரு, ஆச்சிதான்.”

ஹாஜிரா தலையாட்டிக்கொண்டாள். அவள் தலையாட்டினால் அது அரசாணை.

விஜயதசமி வந்தது, ஆச்சி வரவில்லை. பேச்சி தானே போய் ஸ்விட்சில் கைவைத்தான்.

“தொடாதீங்க. மேடம் எடுத்துக் குடுக்கல” என்றாள் ஹாஜிரா.

“உனக்கு என்ன வந்தது? அது எங்க பூஜை.”

“உங்க பூஜைதான். அதனாலதான் கேட்டு வச்சுக்கிட்டேன். நீங்க சொன்ன விதியை நீங்களே மீறுவீங்களா?”

“அது சும்மா ஒரு இதுக்குச் சொன்னதும்மா…” என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தையே பார்த்தான். உதடு எதற்கோ தயாரானது. வரவில்லை. கடைசியில், “…மாப்ள” என்றான்.

ஹாஜிராவை யாரும் மாப்ள என்று கூப்பிட்டுவிட்டு உயிரோடு போனதில்லை. அவள் கோபத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடமாக இவன் என்னையும் மாப்ள என்றுதான் கூப்பிடுகிறான். மெஸ் மாஸ்டரை மாப்ள, கல்லூரி முதல்வரைக்கூட ஒருமுறை மாப்ள. பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

“பேச்சி, என் பேர் என்னடா?” என்றேன்.

அவன் சிரித்தான். “என்ன மாப்ள, இதெல்லாம் ஒரு கேள்வியா?”

பதில் மட்டும் வரவில்லை. அதற்கப்புறம் தாய்மாமனைப் பற்றி யாரும் பேசவில்லை. மாலையோடு அப்படியே நின்றான். மெஸ்ஸுக்கும் விடுமுறை என்பதால் பரோட்டா கிடையாது. பெண்கள் விடுதிக்குப் பின்னால் மண்டிக்கிடந்த அரைக்கீரையைப் பறித்து ஹாஜிராதான் எலிகளுக்குப் போட்டாள்.

ஆச்சி ஆறு நாள் கழித்து, முறுக்கு டின்னோடு வந்தார். தாய்மாமன் கழுத்தில் காய்ந்த மாலையைப் பார்த்தார்.

“டோஸ் போட்டீங்களா?”

“நீங்க எடுத்துக் குடுக்கல மேடம்” என்றாள் ஹாஜிரா.

ஆச்சி கத்தவில்லை. அதுதான் மோசம். முறுக்கு டின்னைக் கீழே வைத்துவிட்டு, “தொட்டியை நிரப்புங்க. கடைசியா ஒரு தடவை தோத்துட்டு மூடிடுவோம்” என்றார்.

பேச்சியும் வந்து நின்றான். அவனுக்காகத்தான் அந்த எலிகள் நீந்தவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். எலிகளுக்குத் தெரியாது. முதலில் கொத்துவையே எடுத்தேன். எப்படியும் தோற்பது என்றால் தலைவனே தோற்கட்டும்.

தண்ணீரில் விட்டேன். கொத்து ஒரு கணம் மிதந்தது. நாலு பக்கமும் பார்த்தது. அப்புறம் வாலை நேராக நீட்டிக்கொண்டு, சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி, நடுத்தொட்டியை வெட்டிக்கொண்டு போய் மேடையில் ஏறி உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது.

ஹாஜிரா கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

“தற்செயல்” என்றார் ஆச்சி. “வீச்சை விடுங்க.”

வீச்சு போய் ஏறியது. சில்லி போய் ஏறியது. முட்டை கொஞ்சம் குண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே போய் ஏறியது. பேச்சி “ஏறு, ஏறு, ஏறு!” என்று ஜல்லிக்கட்டில் கத்துவது மாதிரி கத்திக்கொண்டிருந்தான். ஆச்சி புடவையைச் சொருகிக்கொண்டு தொட்டிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஹாஜிரா, என்னம்மா நடந்தது?”

“கெட்டவனை விரட்டுறேன்னு நாம தெருவையே காலி பண்ணிட்டோம் மேடம். வாயில நல்ல கிருமியும் இருக்கு. கீரையில இருக்கிற சத்தை எடுத்து, ரத்தக் குழாயைத் தளர்த்தி, மூளைக்கு ரத்தம் ஏத்துறதே அதுங்கதான். தினம் ரெண்டு வேளை மருந்து போட்டு அதையும் கொன்னுட்டு இருந்தோம். ஆறு நாள் சும்மா விட்டதும் நல்ல ஜனம் குடிவந்துருச்சு. கெட்டவனுக்கு இடம் இல்லை.”

“அப்ப நான் தினமும் வேலை வாங்கினதுதான் தப்பா?”

நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம். வருடக்கணக்காக இதைத்தான் சொல்ல ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஆச்சி முறுக்கு டின்னைத் திறந்தார். “தின்னுங்க. தின்னுட்டு, லீவா கீரையான்னு தனித்தனியா பிரிச்சு முதல்லேர்ந்து பண்ணுங்க.”

பண்ணினோம். லீவு மட்டும் போதவில்லை, கீரை மட்டும் போதவில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் எலி கரையேறியது. வாரத்தில் ஒரு நாள் மருந்து, ஆறு நாள் கீரை. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு ‘ஆறு நாள் இடைவெளியை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்று கேட்டிருந்தார்கள். ‘உள்ளூர் மரபு’ என்று ஆச்சி பதில் எழுதினார். ஏற்றுக்கொண்டார்கள்.

கார்த்திகையில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. முதல் ஆளாகப் பேச்சி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். மருந்தைவிடக் கீரைக்குத்தான் அழுதான். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை, தண்டுக்கீரை. “என்னையும் பல்லு வேர்ல கட்டிருங்கடா” என்றான். மெஸ் மாஸ்டர் அவனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். விற்பனை அவ்வளவு விழுந்திருந்தது.

மார்கழியில் ஒரு மதியம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் கீரையைப் பிசைந்துகொண்டே நிமிராமல் சொன்னான்.

“உப்பு கம்மியா இருக்குடா தவசி.”

எனக்குப் புரை ஏறியது. ஒன்றும் இல்லை, கீரை சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்தும் கொஞ்ச நேரம் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அது கீரையால்தான்.

தை பிறந்தது. பேச்சிக்கு எல்லாம் திரும்பியிருந்தது. பெயர், வழி, வார்த்தை, எல்.கே.ஜி.யில் யார் பென்சிலை யார் கடித்தது என்பதுவரை. ஆனால் காகிதம் மஞ்சளில் நின்றுவிட்டது. “மனுஷனுக்கு ஈறு மெதுவாத்தான் ஆறும். இன்னும் மூணு மாசம் ஆகும்” என்றாள் ஹாஜிரா. வாரியத்துக்கு மூன்று மாதம் கிடையாது. பச்சையா இல்லையா, அவ்வளவுதான்.

“அப்ப தொட்டியைத் தூக்குங்க” என்றார் ஆச்சி.

குழந்தை குளிப்பாட்டும் நீலப் பிளாஸ்டிக் தொட்டி, பால் பவுடர், இரண்டு கூண்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அரசுப் பேருந்தில் மதுரைக்குப் போனோம். கண்டக்டர் எலிகளைப் பார்த்து அரை டிக்கெட்டா என்று நியாயமாகவே யோசித்தார்.

வாரியத்தில் தலைவரும் நாலு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் டாக்டர் கனகசபாபதி. கழுத்தில் பச்சை அட்டை, மேஜையில் கொப்பளிக்கும் தண்ணீர் பாட்டில். அறை முழுக்கப் புதினா.

“மஞ்சள்” என்றார் பேச்சியின் காகிதத்தைப் பார்த்து. “பச்சை இல்லை. விதி விதிதான் தம்பி.”

பேச்சி நேராக நின்றான். ஆனி மாதம் போல அதே அமைதி.

“நடுவர் அவர்களே” என்றான்.

கணீரென்று. ஹாஜிரா என் கையைக் கிள்ளினாள். அவ்வளவு வலித்தும் நான் கத்தவில்லை.

“நடுவர் அவர்களே, எதிரணி என்று யாரும் இல்லாததால் எலிகளே! உங்கள் விதி ஈறைப் பார்த்து மூளையை அளக்கிறது. கதவு பளபளப்பாக இருப்பதால் வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்கிறது. எங்களிடம் இரண்டு எலி இருக்கிறது. ஒன்று பன் பரோட்டா. நாங்கள் புதிதாக வளர்த்தது. தினமும் மருந்து தடவிக்கொள்பவர். ஈறு சுத்தப் பச்சை. இன்னொன்று கொத்து. பழைய பாவி. வாரத்துக்கு ஒரு நாள்தான் மருந்து, மிச்ச நாள் கீரை. அட்டை கொடுத்தால் மஞ்சள்தான் கொடுப்பீர்கள். இரண்டையும் விடுகிறோம். எந்த எலிக்கு டாக்டர் வேலை கொடுப்பது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.”

காகிதம் வைத்துக் காட்டினோம். பச்சை, மஞ்சள். பிறகு தண்ணீரில் விட்டோம். உறுப்பினர்கள் சரியாகத் தெரியவில்லை என்று நாற்காலிமேல் ஏறி நின்றார்கள்.

பச்சை எலி சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஹாஜிரா துண்டால் அள்ளி எடுத்துத் துவட்டினாள். மஞ்சள் எலியை, எங்கள் கொத்துவை, மூன்று இடத்திலிருந்து மாற்றி மாற்றி விட்டோம். மூன்று தடவையும் நேராகப் போய் ஏறி மூஞ்சியைத் துடைத்தது. மூன்றாவது தடவை ஒரு உறுப்பினர் விசில் அடித்தார். அடித்துவிட்டு இருமினார்.

அப்புறம் அவர்கள் பேச்சியை ஒரு மணி நேரம் குடைந்தார்கள். பல்லின் நரம்பு, மருந்தின் அளவு, காலையில் வாசலில் என்ன கோலம், எல்லாம். ஒன்று தப்பவில்லை. கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது என்றுகூடச் சொன்னான்.

தலைவர் எழுதினார். இனி நிறத்தை மட்டும் வைத்து யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, மூளையைச் சோதித்துவிட்டுத்தான் முடிவு, பேச்சிமுத்து மருத்துவராகப் பதிவு பெறலாம். மாநிலம் முழுவதும் சிவப்பு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அத்தனை பேருக்கும் அந்த ஒரு பத்தியில் கதவு திறந்தது. கையெழுத்துப் போட்டார். ஆச்சி எல்லோருக்கும் முன்னால் பேச்சியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அது அவர் மொழியில் முத்தம்.

தலைவர் பேனாவை மூடினார். பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். நிமிர்ந்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“சரி, அடுத்து யாரு? பேச்சிமுத்துன்னு ஒரு பையன். சிவப்பாம். கூப்பிடுங்க.”

அவருடைய உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இது புதிதில்லை என்று தெரிந்தது.

பேச்சியைப் பார்த்தேன். அவன் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு வாய்ப்பு வராது. எதிரணி தானாகவே வந்து கழுத்தை நீட்டியிருக்கிறது. ஒரே ஒரு வரி போதும், அறையே அதிரும்.

அவன் மேஜைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கைகூப்பினான்.

“வணக்கம் ஐயா. நான்தான் பேச்சிமுத்து. இவங்க டாக்டர் தேனம்மை. இது ஹாஜிரா. இவன் தவசி, என் கூட்டாளி.” ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான், அவருக்குப் பிடித்துக்கொள்ள நேரம் கொடுத்து. “நீங்க டாக்டர் கனகசபாபதி. இப்பதான் ரொம்ப நல்ல காரியம் ஒண்ணு பண்ணீங்க.”

“அப்படியா?”

“ஆமாங்கய்யா. கையெழுத்துகூடக் காயல, பாருங்க.”

அவர் தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். பேச்சி அந்தப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, உதவியாளர் கையில் கொடுத்தான். அவர் வாங்கி யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் கொத்து என் மடியில் தூங்கியது. ஆச்சி முன்சீட்டில் விடுதிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், தேனம்மை பேசுறேன். நாளையிலிருந்து கீரை ஒரு ஆளுக்குக் கூடக் கடையுங்க. ஆமா, மதுரையிலேர்ந்து வைத்தியத்துக்கு வர்றார், பெரிய மனுஷர். உப்பைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க.”